80டி-யில் கழிச்சுக்கலாம்னு சொல்லி 48,600 ரூபாய் வாங்கிட்டாங்க. ஜாக்கிரதை!

வீட்டில் அறுபது தாண்டிய அப்பா அம்மா இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். சத்து மாவு, மாத்திரை, எண்ணெய் எல்லாம் சேர்ந்த ஒரு "நரம்பு பலப்படுத்தும் கிட்". விலை 48,600 ரூபாய். மருத்துவச் செலவு, வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் வருமானத்திலிருந்து கழித்து வரியைக் குறைக்கலாம் என்று சொல்லித்தான் எங்களிடம் விற்றார்கள். ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது என்று நேற்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

கடை பெயர் போடவில்லை. கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, கையில் ஒரு கருவியைப் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் சிவப்பு பச்சை கோடு காட்டுவார்களே, அந்த ரகம். அப்பாவுக்கு எழுபத்தொன்று, சர்க்கரை, கால் எரிச்சல். பிரீமியம் கட்டுப்படியாகாமல் அவருடைய மருத்துவக் காப்பீட்டு பாலிசியை எப்போதோ விட்டுவிட்டோம். இதை எல்லாம் அவர்களிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் முகாமிலேயே பேச்சுவாக்கில் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாய் நிறைய "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாளாம்.

பிறகு அப்பா போனில் இருந்தே என்னிடம் பேசினாள். "சார், அப்பாவுக்கு இன்சூரன்ஸ் இல்லைல்ல? அப்ப சீனியர் சிட்டிசன் மருத்துவச் செலவு 50,000 வரைக்கும் 80டி-ல உங்களுக்குக் கழிவு இருக்கு. நீங்க முப்பது பர்சன்ட் ஸ்லாப்னா பதினஞ்சாயிரம் திரும்ப வந்துடும். ஜிஎஸ்டி பில்லே தர்றோம் சார்."

நம்பினதுக்குக் காரணம் இருக்கிறது. அவள் சொன்ன சட்டம் பொய் இல்லை. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களுக்கு நாம் செய்யும் மருத்துவச் செலவுக்கு 50,000 வரை கழிவு உண்மையிலேயே உண்டு. நான் பழைய வரி முறையில்தான் இருக்கிறேன், கணக்கும் சரியாக வந்தது. உண்மையான சட்டத்துக்குள் பொய்யான சரக்கை வைத்து விற்றிருக்கிறார்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று 20,000-ஐ அப்பாவிடம் ரொக்கமாக வாங்கினார்கள். மீதி 28,600-ஐ நான் ஜிபேயில் அனுப்பினேன்.

ஆடிட்டர் பில்லையும் டப்பாவையும் பார்த்தார். டப்பாவில் பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்து உரிம எண் எதுவும் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் மட்டும். பில்லில் எச்எஸ்என் (பொருளின் வகையைக் காட்டும் ஜிஎஸ்டி குறியீடு) 2106, அதாவது உணவுப் பொருள். மருந்தென்றால் 30-இல் தொடங்கும். அதை விற்றவனே மருந்து இல்லை என்று அச்சடித்திருக்கும்போது எதை வைத்து மருத்துவச் செலவு என்று காட்டுவது? ரொக்கமாகக் கொடுத்த 20,000 எப்படியும் செல்லாது, உடல் பரிசோதனைக்கு மட்டும்தான் ரொக்கம் ஏற்பார்கள், அதுவும் 5,000 வரைதான். அப்பாவின் இன்சுலின், ரத்தப் பரிசோதனை, கண் டாக்டர் பீஸ், இவைதான் நியாயமாகக் காட்ட வேண்டிய செலவு என்றார். அந்தப் பணத்தைத்தான் இந்த மாவில் கொட்டியிருக்கிறோம்.

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "உங்க ஆடிட்டருக்குத் தெரியல சார், எங்க கஸ்டமர்ஸ் எல்லாரும் கிளைம் பண்றாங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டால், சீல் உடைத்தாகிவிட்டதாம். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். கிளைக்கு நேரில் போனால், முகாம் போட்டது வேறு டீமாம். 48,600 ரூபாய் வாங்கும்போது எல்லாரும் ஒரே டீம்!

கடைசியாக அவர்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. "டாக்டர் லெட்டர் ஒண்ணு ரெடி பண்ணித் தர்றோம் சார், பில் தேதியே போட்டுக்கலாம்." அப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்காத டாக்டரின் கடிதம்! பொய்க் கணக்கு காட்டி மாட்டினால் வரிக்கு மேல் 200 சதவீதம் அபராதம், வருமான வரிச் சட்டம் 270ஏ பிரிவு. கட்டப்போவது அவரா, நானா? இதை அவரிடமே கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய கவலை, "இது இருக்கு, மாத்திரையைக் குறைச்சுக்கலாம்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நல்லவேளை அம்மா மாத்திரையை நிறுத்த விடவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: டப்பாவைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். புதிய வரி முறையில் இருந்தால் 80டி கழிவே கிடையாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முன்தேதியிட்ட கடிதம் எதையும் வாங்காதீர்கள். பில், டப்பா, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்திருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் இதே ஆட்கள் முகாம் போடுகிறார்களாம், அங்கே சொந்தபந்தம் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.