மலைக்குளிரில் கை சாண்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோத்தகிரியில் பழைய கதவு, ஜன்னல், மேஜைகளைப் புதுப்பிக்கிற வேலைக்காக 125 மி.மீ. வட்டத் தட்டு கொண்ட ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (தட்டில் உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்க்கும் மின்கருவி) ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். வயர் உள்ள மாடல். ட்ரில் போல விட்டுவிட்டு ஓடுகிற கருவி இல்லை இது. ஒரு கதவை எடுத்தால் விடாமல் ஓடும். பேட்டரி மாடலில் சார்ஜ் தாக்குப்பிடிக்காது, குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் வயர் உள்ளதையே வாங்குங்கள்.

தட்டு சுற்றிக்கொண்டே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஆடவும் செய்யும். அந்த இரட்டை அசைவால்தான் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே போனாலும் கோடு அதிகம் விழுவதில்லை. ஆகவே அழுத்தாதீர்கள். மெஷினின் எடையும் மேலே வைத்த கையின் எடையும் போதும். அழுத்தினால் சுற்று நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். மரத்தில் சுருள் சுருளாகக் கீறல் விழும். வார்னிஷ் அடிக்கும்வரை அது கண்ணில் படாது. அடித்த பிறகு ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொன்றும் தெரியும். சூடேறித் தாளைப் பிடிக்கிற வெல்க்ரோ கொக்கிகளும் உருகிவிடும்.

மரத்தின் மேல் சமமாக வைத்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். முழு வேகத்தில் சுற்றுகிற தட்டைச் சாய்வாக இறக்கினால் ஓரம் பட்ட இடத்தில் பிறை மாதிரி பள்ளம் விழுந்துவிடும். நொடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். பலகை முழுக்க பென்சிலால் லேசாகக் குறுக்குக் கோடு போட்டுவிட்டு ஆரம்பிப்பேன். எங்கே கோடு மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம். எல்லாம் போனதும் அடுத்த நம்பர் தாள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்; 80, 120, 180 என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். 80-லிருந்து நேராக 180-க்குத் தாவினால் முதல் தாளின் கீறல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் தூளைத் துடைத்துவிடுங்கள். விட்டுப்போன ஒரு கரட்டு மணல் போதும், பலகையைக் கெடுக்க. தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எஸ்டேட்டுகளில் தேயிலைக்கு நிழலாக வளர்க்கும் சில்வர் ஓக் மென்மையானது, கொஞ்சம் அதிகம் நின்றாலே குழிந்துவிடும். பிளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீரில் (மெல்லிய மரச் சீவலில்) சாண்டரையே வைக்காதீர்கள். அது காகிதத் தடிமன்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தூசியைப் பற்றி. சமவெளியில் இந்த வேலையை வாசலில், மரத்தடியில் செய்துவிடுவார்கள். இங்கே மூடுபனியும் சாரலும் இருந்தால் அறைக்குள் போய், குளிர் என்று கதவு ஜன்னலையும் சாத்திக்கொள்கிறோம். தூள் முழுக்க நம்மோடு அறைக்குள்ளேயே நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-லேயே வகைப்படுத்தியது. மூக்குக்குழி, சைனஸ் பகுதிகளில் வருவது. முகத்தில் கட்டிய துண்டு நுண்தூளைத் தடுக்காது. என்95 மாஸ்க், மூக்குத்தண்டில் கம்பி நன்றாக அழுந்தும்படி போட வேண்டும். மெஷினோடு வரும் பை பெரிய தூளைத்தான் பிடிக்கும். முடிந்தால் வாக்குவம் கிளீனர் குழாயை மாட்டுங்கள். தாளின் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கிறதா என்று ஒட்டும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் எந்த வாக்குவமும் உறிஞ்சாது. எவ்வளவு குளிராக இருந்தாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், நுரையீரலுக்கு மாற்று கிடையாது.

குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய பங்களாக் கதவுகளைச் சுரண்டினால் பச்சை, வெள்ளை, கிரீம் என்று அடுக்கடுக்காகப் பெயின்ட் வரும். அதில் சாண்டரை வைக்கவே வைக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சாண்டர் அதைப் பொடியாக்கி வீடு முழுக்கப் பரப்பும். தரையில் தவழும் குழந்தையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். தண்ணீர் தெளித்து, மாஸ்க்கோடு, ஸ்கிரேப்பரால் கையால் சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டி எடுங்கள். குழந்தைகளை அந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் விடுவது உத்தமம்.

கைக்கும் குளிர் ஒரு பிரச்சினை. அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரல்களின் ரத்த ஓட்டம் குறையும். நுனி வெளுத்து மரத்துப்போகும். வருடக்கணக்கில் இப்படியே போனால் நிரந்தரமாகிவிடும். கை சூடாக இருக்கும்போதே வேலையை ஆரம்பிப்பது, இறுக்கிப் பிடிக்காமலிருப்பது, கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி விரல்களைத் தேய்ப்பது, இதெல்லாம் டிசம்பர், ஜனவரியில் கட்டாயம். காதுக்கு அடைப்பானும் வேண்டும்.

கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தேய்த்த பலகையை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் தொட்டால் சொரசொரப்பு. ஈரத்தில் நார் எழுந்துவிடும். கடைசித் தேய்ப்பும் முதல் கோட் வார்னிஷும் ஒரே நாளில் முடிகிற மாதிரி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் பாலிஷ் என்றால் ஜனவரி முடியும்வரை காத்திருப்பது நல்லது. ஈரக் காற்றில் அது வெள்ளை பூத்துவிடும். தாள்களையும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறினால் ஓரம் சுருண்டு தட்டில் ஒட்டாது.

இத்தனை காலத்தில் நான் மாற்றியது வெல்க்ரோ தட்டும், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷும் மட்டுமே. மோட்டாரின் காற்றுத் துளைகள் வழியாகத் தீப்பொறி அதிகம் தெரிந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாங்கும்போதே இந்த இரண்டும் உங்கள் ஊரிலோ கோவையிலோ தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.