பழைய ரிக்கை (ஹாம் ரேடியோ செட்டை) ரிப்பேருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டி போட்டோ எடுத்து வைங்க

பழைய ஹாம் செட் (அமெச்சூர் ரேடியோக்காரங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசற செட்) வச்சிருக்கறவங்க ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. என்னோட கென்வுட் டிஎஸ்-520எஸ்ஸை ரிப்பேருக்குக் கொடுத்தேன், கெட்டுப்போனது சரியாகாததோட நல்லா இருந்த பார்ட்டும் போச்சு.

இந்த செட் எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த பெரியவரோடது. கை நடுங்க ஆரம்பிச்சு மோர்ஸ் தட்டற கீ பிடிக்க முடியாமப் போனதும் "நீ வச்சுக்கடா, சும்மா மட்டும் போட்டு வச்சிராத"ன்னு சொல்லிக் குடுத்தாரு. நானும் விடாம ஓட்டிட்டுதான் இருந்தேன். ஒருநாள் ட்யூன் பண்ணும்போது ப்ளேட் கரண்ட் (டியூப் இழுக்கற கரண்ட்) காட்டற முள்ளு தானா மேல ஏறிக்கிட்டே போகுது, எட்டிப் பாத்தா பைனல் டியூப் (கடைசியா சிக்னலைப் பெருசாக்கி ஆண்டெனாவுக்கு அனுப்பற வால்வு) ரெண்டும் தணல் மாதிரி செவந்து கிடக்கு. உடனே ஆஃப் பண்ணிட்டேன். உள்ள 800 வோல்ட் இருக்கற செட்டு, அனுபவம் உள்ளவங்க பாக்கட்டும்னு பழைய ரிக் எல்லாம் பாப்பேன்னு சொன்ன ஒருத்தர்கிட்ட கொண்டுபோனேன்.

அவர் பேசினது அவ்வளவு நம்பிக்கையா இருந்துச்சு. "டியூப் போச்சு சார், எஸ்2001ஏ இப்ப எங்கயும் கிடைக்காது, என்கிட்ட பெட்டி பிரிக்காத ஜோடி ஒண்ணு இருக்கு, உங்களுக்காக எடுத்துத் தரேன்"னாரு. முழுப் பணமும் முன்னாடியே வாங்கிட்டாரு. அப்புறம் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு அஞ்சு மாசம் இழுத்தடிச்சு ஒருவழியா செட் வந்துச்சு, டம்மி லோட்ல (ஆண்டெனாவுக்குப் பதிலா மாட்டற ரெசிஸ்டர்) போட்டுப் பாத்தா பத்து நிமிஷத்துல மறுபடியும் அதே செவப்பு. போன் பண்ணினா "உங்க ஆண்டெனா மேட்ச் ஆகல சார்"ங்கறாரு. நான் ஆண்டெனாவே மாட்டலைங்க! அதைச் சொன்னதுக்கப்புறம் போன எடுக்கறதையே நிறுத்திட்டாரு.

அப்புறம்தான் விவரம் தெரிஞ்ச நண்பரோட உக்காந்து, கெப்பாசிட்டரை எல்லாம் டிஸ்சார்ஜ் பண்ணிட்டு உள்ள பாத்தோம். டியூப் கண்ணாடிய டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா எஸ்2001ஏன்னு புதுசா அடிச்ச எழுத்துக்குக் கீழ பழைய 6146 லேசா தெரியுது, அழிச்சிட்டு மேல அச்சடிச்சிருக்காங்க. எஸ்2001ஏவுக்கு மாத்தா 6146பி போடலாம், தப்பில்ல, ஆனா வெறும் 6146 அந்த அளவுக்குச் சூடு தாங்காது, 6146பி 35 வாட் தாங்கும்னா இது 25தான். எதை மாத்திப் போட்டாலும் பயஸை (சிக்னல் இல்லாதப்ப டியூப்ல எவ்வளவு கரண்ட் ஓடணும்னு வைக்கற வோல்டேஜ்) 60 மில்லிஆம்புக்கு வச்சு நியூட்ரலைஸ் (டியூப் தானா ஆசிலேட் ஆகாம இருக்க ஒரு ட்ரிம்மரைத் திருகிச் சரி பண்றது) பண்ணியே ஆகணும். அந்த ட்ரிம்மர் மேல பழைய தூசி அப்படியே படிஞ்சிருந்துச்சு, ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்ல.

நோயே வேற இடத்துல இருந்துச்சு. டிரைவர் டியூப் 12பிஒய்7ஏ ப்ளேட்லேருந்து பைனல் டியூபோட கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தற கம்பி வலை) போற கப்ளிங் கெப்பாசிட்டர் (சிக்னலை மட்டும் விட்டு டிசி வோல்டேஜைத் தடுக்கறது) லீக். அது லீக்கானா பாசிட்டிவ் வோல்டேஜ் கசிஞ்சு வந்து கிரிட்டோட நெகட்டிவ் பயஸைத் தின்னுடும், அப்புறம் எந்த டியூப் போட்டாலும் செவக்கத்தான் செய்யும். பழைய செட்டுல டியூப் செவந்தா முதல்ல பாக்க வேண்டியதே இதைத்தான், கிரிட்ல நெகட்டிவ் வோல்டேஜ் ஒழுங்கா இருக்கான்னு மீட்டர் வச்சாலே தெரிஞ்சிடும். ஒரு கெப்பாசிட்டரோட முடிய வேண்டிய வேலை. என்னோட பழைய டியூப் ரெண்டும்கூட நல்லாவே இருந்திருக்கலாம், அதை அவர் திருப்பித் தரவே இல்ல, நானும் கேக்கணும்னு தோணாம விட்டுட்டேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்குவேன். அன்னைக்கு ராத்திரி சிடபிள்யூல (மோர்ஸ்ல பேசற மோட்) கேட்டுட்டு இருந்தேன், பக்கத்து பக்கத்துல நாலு ஸ்டேஷன் ஒண்ணா கத்துது, முன்னாடி ஒரே ஒரு சிக்னல் கண்ணாடி மாதிரி தனியாக் கேக்கும். சந்தேகம் வந்து ஃபில்டர் உக்கார்ற ஐஎஃப் போர்டைப் பாத்தா ஒய்ஜி-3395சி, அந்த 500 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர், அது இருந்த இடம் காலி. சிடபிள்யூலயும் சத்தம் வரணும்னு குரல்ல பேசறதுக்கான எஸ்எஸ்பி ஃபில்டருக்கே ஒரு ஜம்பர் கம்பி போட்டு விட்டிருக்காங்க, சோல்டர் இன்னும் பளபளன்னு இருக்கு. அந்த ஃபில்டர் ஆப்ஷனா தனியா வாங்கிப் போடறது, பெரியவர் தேடித் தேடி வாங்கித் தன் கையால பத்தவச்சது.

அதனாலதான் சொல்றேன், கொடுக்கறதுக்கு முன்னாடி மேல் மூடி கீழ் மூடி ரெண்டையும் கழட்டி ஒவ்வொரு போர்டையும் கிட்டக்க போட்டோ எடுங்க, என்னென்ன ஃபில்டர் இருக்குன்னு எழுதி அவங்க கையெழுத்தை வாங்குங்க, கழட்டின பார்ட் எல்லாம் திரும்பி வரணும்னு முன்னாடியே பேசிடுங்க. முகத்துக்கு நேரா இதெல்லாம் கேக்க நமக்குக் கூச்சமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

கெப்பாசிட்டர் மாத்தி, வேற 6146பி ஜோடி போட்டு நியூட்ரலைஸ் பண்ணியாச்சு, செட் இப்ப ஓடுது. ஃபில்டர்தான் இல்ல. அதோட டப்பா மேல ஒரு மூலையில பெரியவர் சிவப்பு நெயில் பாலிஷ்ல சின்னதா ஒரு புள்ளி வச்சிருப்பாரு. அப்படி ஒண்ணு எங்கயாவது விலைக்கு வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, காசு கொடுத்தே வாங்கிக்கறேன்.