விறகு ஓவன்: நாட்டுச் செங்கலா, தீச்செங்கலா?

பேக்கரிக்கு விறகு ஓவன் கட்டப்போகிறேன் என்று கோவையில் யாரிடம் சொன்னாலும், "முழுவதும் தீச்செங்கலில் கட்டிவிடுங்கள்" என்றுதான் முதல் யோசனை வரும். உலைக்குள் பதிக்கும், கடுஞ்சூடு தாங்கும் கல் அது. இதுவோ வார்ப்படப் பட்டறைகள் நிறைந்த ஊர். அந்தக் கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். தரைக்கு மட்டும் தீச்செங்கல், மேல் வளைவுக்கு நல்ல நாட்டுச் செங்கல், மிச்சமாகும் பணம் தரைக்கு அடியில் போடும் வெப்பக் காப்புக்கு: இதுதான் என் கட்சி.

தீச்செங்கல் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் அசராது. உலைக்கு அது தேவை. ரொட்டியோ 200 முதல் 250 டிகிரியில் வெந்துவிடுகிறது. நாட்டுச் செங்கல் சூளையிலேயே 900 டிகிரி வாக்கில் வெந்து வந்த கல். அதை உடைப்பது சூடு அல்ல, சூடாகிச் சூடாகிக் குளிர்வது. ஆனைமலைப் பக்கத் தோப்பு விடுதியில் வாரம் ஒருநாள் பீட்சாவுக்காக மூட்டும் ஓவனுக்கு அந்த ஆபத்து அதிகம். தினமும் பன் போடும் பேக்கரியில் கல் முழுதாக ஆறுவதே இல்லை. மறுநாள் காலையிலும் கையை உள்ளே நீட்டினால் வெதுவெதுப்பு தெரியும். அங்கே நாட்டுச் செங்கல் தாராளமாகத் தாக்குப்பிடிக்கும்.

தரை விஷயம் வேறு. தட்டுகளை இழுப்பதும் தணலை வாருவதும் நாள் முழுக்க நடக்கும் இடம் அது. நாட்டுச் செங்கல் தரை மெல்லத் தேய்ந்து, செம்மண் நிறத் துகள் உதிரும். தட்டில் வைக்காமல் நேரடியாகத் தரையில் சுடும் ரொட்டியின் அடியில் அது ஒட்டினால், வாயில் நறநறக்கும் ஒரே கடியில் வாடிக்கையாளர் போய்விடுவார். தீச்செங்கல் இறுக்கமானது, விளிம்பு சீரானது. 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலக் கல்லை, மெல்லிய மணற்பரப்பின் மேல் கலவை இல்லாமல், வாசலுக்குக் குறுக்குச் சாய்வாக அடுக்க வேண்டும். ரொட்டியை உள்ளே தள்ளும் பலகை எந்த விளிம்பிலும் தட்டாது. கல் ஒன்று போனால் பெயர்த்து மாற்றிக்கொள்ளலாம். உலையில் கழித்த பழைய தீச்செங்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். கசடு ஊறிய கல். தின்னும் பண்டத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். கருங்கல் பலகை யோசனை சொல்லும் கொத்தனாரையும் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். தீ பட்டால் கருங்கல் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

நாட்டுச் செங்கல் என்றதும் கோவையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கு ஞாபகம் வரும். அந்தப் பள்ளத்தாக்கின் சூளைகள் 2021-ல் மூடப்பட்ட பிறகு, எங்கிருந்து வந்த கல் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; உடைத்த முகத்தில் நடுவில் கறுப்பு இருக்கக்கூடாது. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் சுவருக்குச் சரி. ஓவனுக்குள் ஒன்றுகூட வேண்டாம். அது சுட்ட கல்லே அல்ல.

வடிவத்தில் குவிமாடமா, நீள் வளைவா என்ற சண்டையும் உண்டு. குவிமாடம் தன் பாரத்தைத் தானே சுமக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் ஒவ்வொரு கல்லையும் வெட்ட வேண்டும். வட்டத் தரையில் சதுரத் தட்டுகளை அடுக்கினால் ஓரமெல்லாம் வீண். பேக்கரிக்கு நீள் வளைவுதான். அது பக்கச் சுவர்களை வெளியே தள்ளும் என்பதால், இருபுறமும் கனத்த சுவரோ இரும்புக் கம்பிக் கட்டோ கட்டாயம். வாசல் உயரம் உள்ளுயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம். உள்ளே 20 அங்குலம் என்றால் வாசல் 12½ அங்குலம். இதைக் கூட்டினால் சூடு ஓடும், குறைத்தால் புகை உள்ளேயே சுற்றும்.

பெரும்பாலான ஓவன்கள் தோற்பது தரைக்கு அடியில்தான். பழைய வழக்கம் மணல், உடைந்த கண்ணாடி, கல் உப்பு. மணல் சூட்டைத் தேக்கும், தடுக்காது. தேக்கியதைக் கீழே கான்கிரீட்டுக்குக் கொடுத்துவிடும். உப்போ ஐப்பசி மழையில் ஈரத்தை இழுக்கும். செராமிக் பஞ்சு விரிப்பு அருமையாகத் தடுக்கும், ஆனால் பாரம் ஏற்றினால் அமுங்கிவிடும். அதை வளைவின் முதுகில் போர்த்துங்கள், வெட்டும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். அடித்தளத்துக்கு என் தேர்வு உமிச்சாம்பல். உருக்காலைகளில் உருகிய இரும்பின் மேலேயே வெப்பக் காப்பாகத் தூவும் பொருள் அது. காங்கயம் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, சாம்பலுக்கும் இல்லை. சும்மா கொட்டினால் நாளடைவில் அமுங்கித் தரை இறங்கும். களிமண் கரைசலில் பிசைந்து 6 அங்குலக் கனத்துக்குத் திமிசு போட்டு, நன்றாகக் காயவிட்ட பிறகே மேலே கல் வைக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால், வளைவில் எந்தக் கல் என்ற வாதமே பாதி அடங்கிவிடும்.

டீசல் ஓவன் விற்பவர்கள் சூடேற்றும் நேரக் கணக்கைக் காட்டுவார்கள். அது நியாயம்தான், பல கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர் அதையே வாங்கட்டும். வர்க்கியும் பன்னும் கடை முன்னேயே விற்றுத் தீரும் சிறு பேக்கரிக்கு, புளியங்கட்டையும் கொட்டாங்குச்சியும் பக்கத்திலேயே கிடைக்கும்போது விறகு கட்டுப்படியாகும்.

பூச்சுக்கு வெறும் சிமென்ட் வேண்டாம். 400 டிகிரியைத் தாண்டினால் பொடியும். தீக்களிமண்ணும் மணலும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். கட்டி முடித்ததும் முதல் வாரம் சுள்ளித் தீ மட்டும். உள்ளே ஈரம் இருக்கும்போது பெருந்தீ மூட்டினால், தீச்செங்கல் வளைவும் நாட்டுச் செங்கல் வளைவும் ஒன்றுபோலவே வெடிக்கும்.