1,600 டிகிரியில் கிரெயின் வளர்வதைப் பார்க்க: உயர்வெப்ப கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப், சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

கோவையில் பம்ப் தொழிலில் இருப்பவர்களுக்கு பம்ப் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலில் வரும் வெள்ளை அலுமினா வளையம் தெரியாமல் இருக்காது. சிண்டரிங்கில் (பொடியை வளையமாக அழுத்தி உலையில் சுட்டு இறுக்குவதில்) கிரெயின், அதாவது அலுமினாவின் நுண்படிகம், பெருத்துவிட்டால், உரசும் முகத்திலிருந்து மணிமணியாகப் பெயர்ந்து சீல் ஒழுகும். அதனால்தான் எங்கள் ஆய்வகத்துக்கு இந்தக் கருவி வந்தது.

அந்தச் சூட்டில் மாதிரியே தகதகவென ஒளிர்வதால் சாதாரண மைக்ரோஸ்கோப் உதவாது. இதில் 405 நானோமீட்டர் ஊதா லேசர். அந்த அலைநீளத்தில் மாதிரியின் சொந்த ஒளி குறைவு, மிச்சத்தை டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் ஊசித்துளை தடுத்துவிடும் (கன்ஃபோகல் என்பதே இந்த ஏற்பாடுதான்). கிரெயின் எல்லைகள் பள்ளம் விழுந்து கறுப்புக் கோடுகளாகத் தெரியும். சின்னது சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போவதை நேரிலேயே பார்க்கலாம். சுண்ணமும் சிலிக்காவும் துளி கலந்த அலுமினாவில் ஒன்றிரண்டு கிரெயின் மட்டும் பட்டையாக நீண்டு பக்கத்தில் இருப்பதையெல்லாம் விழுங்கும். சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் சில நூறு பங்கு) மெக்னீசியா சேர்த்தால் அந்த ஆட்டம் அடங்கும். (மெக்னீசியா எடுக்கும் தாதுவான சேலத்து மேக்னசைட் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்பார்கள். சிலிக்கா கலந்த அந்தச் சரக்கு இதற்கு ஆகாது.)

ஆனால் திரையில் தெரிவது மேற்பரப்பு மட்டும். அங்கே விழும் பள்ளமே எல்லையை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே அந்தத் தடை இல்லை. வீடியோவில் அளந்த கிரெயின் அளவை அறிக்கையில் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வெட்டி, பாலிஷ் போட்டு, சிண்டரிங் சூட்டுக்குச் சுமார் 100 டிகிரி கீழே தெர்மல் எட்ச் செய்து (எல்லைகள் தெரியும்படி மறுபடி சூடாக்கி), படத்தில் கோடு போட்டு, அது வெட்டும் எல்லைகளை எண்ணிக் கிடைக்கும் சராசரி இடைவெளியை 1.56-ஆல் பெருக்குவதுதான் சரி. கருவி சொல்வது எப்போது, எப்படி. எவ்வளவு என்பதை அல்ல.

வெப்பநிலையையும் அப்படியே நம்பக் கூடாது. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் மாதிரிக்கு அடியில் இருக்கிறது. துளி தங்கம் வைத்து 1,064 டிகிரியிலும், பல்லேடியம் வைத்து 1,555 டிகிரியிலும் உருகுகிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கிறோம்.

பராமரிப்பு தலைவலிதான். ஆவி படிந்து குவார்ட்ஸ் ஜன்னல் மங்கும், மாதிரியைச் சூடாக்கும் ஹாலோஜன் விளக்கு போகும். குளிரூட்ட போர்வெல் தண்ணீரை விடவே விடாதீர்கள், உப்பு படிந்து குழாய் அடைக்கும். சிறுவாணித் தண்ணீரும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் அதையே சுற்றவிட்டுக் குளிரவைக்கும் மூடிய சில்லரும் போதும்.

"ஏனுங்க, நாங்களும் ஒண்ணு வாங்கிப் போடலாமுங்களா?" என்று வளையம் செய்பவர்கள் கேட்கிறார்கள். வேண்டாமுங்க. கலவையை மாற்றிப் பார்க்கிறவர்களுக்குத்தான் இது. உற்பத்திக்கு நல்ல உலையும் தெர்மல் எட்சும் சாதாரண மைக்ரோஸ்கோப்பும் தாராளம்.