மின்னணு செஸ் போர்டு: காயைத் தெரிந்ததா, கட்டத்தை மட்டும் தெரிந்ததா?

சேலத்தில் பிள்ளைகளை செஸ் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பலர் இப்போது கணினியோடு இணையும் போர்டைத் தேடுகிறார்கள். தேவை நியாயமானதுதான். வீட்டில் நாள் முழுக்கத் திரையிலேயே ஆடிப் பழகிய கண்ணுக்கு, போட்டியில் நிஜக் காய்களைப் பார்த்துக் கணக்கிடுவது வேறு வேலையாக இருக்கிறது. ஆனால் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது விலை, அடுத்தது விளக்கு எரியுமா என்பது. இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கட்டத்தில் நிற்பது எந்தக் காய் என்று போர்டுக்குத் தெரியுமா, ஏதோ ஒரு காய் நிற்கிறது என்பது மட்டும் தெரியுமா?

சந்தையில் உள்ள போர்டுகள் இந்த ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன.

முதல் வகையில் ஒவ்வொரு காயின் அடியிலும் காந்தம், ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஒரு சென்சார். கட்டம் நிரம்பியிருக்கிறதா, காலியா என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆட்டம் தொடக்க நிலையிலிருந்து ஆரம்பித்தது என்று நம்பிக்கொண்டு, காலியான கட்டத்தையும் நிரம்பிய கட்டத்தையும் வைத்து நகர்த்தலை ஊகிக்கும். டிஜிடி என்ற நிறுவனத்தின் பெகாசஸ் போர்டும் காயை அடையாளம் காணாது, கட்டம் நிரம்பியதா என்பதை மட்டுமே அறியும். இரண்டாவது வகையில் காய்க்குள்ளேயே அடையாளம் இருக்கும். டிஜிடியின் பெரிய போர்டுகளில் காயினுள் சிறு கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன. வெள்ளை ராஜா முதல் கறுப்புச் சிப்பாய் வரை 12 வகைக் காய்களுக்கும் தனித்தனி அலைவரிசை. காய்க்குள் பேட்டரி கிடையாது, போர்டு அனுப்பும் அலைக்கு அது எதிரொலிக்கிறது. செர்டாபோ என்ற போர்டில் அந்த வேலையை, வானொலி அலையால் படிக்கப்படும் ஆர்எஃப்ஐடி சில்லு செய்கிறது. மில்லேனியம் எக்ஸ்க்ளூசிவ், செஸ்நட் ஏர் ஆகியவையும் காயை அடையாளம் காணும் வகைதான்.

வித்தியாசம் எங்கே உறைக்கும் என்பதற்கு ஒரு நகர்த்தலைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் இ4-ல் நிற்கிறது. டி5-லும் எஃப்5-லும் கறுப்புச் சிப்பாய்கள். நேரம் குறைந்த அவசரத்தில் பிள்ளை தன் சிப்பாயாலேயே டி5 சிப்பாயைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. டி5 ஒரு நொடிகூடக் காலியாகவில்லை. காந்த போர்டுக்குத் தெரிந்தது இ4 காலியானது மட்டுமே. வெட்டப்பட்டது டி5-ஆ, எஃப்5-ஆ? அதற்குத் தெரியாது. செயலி அங்கேயே நின்று பிழை காட்டும். எதிராளியின் காயை முதலில் தூக்கி வெளியே வைத்துவிட்டுத் தன் காயை நகர்த்தினால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அந்த ஒழுங்கு, சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டத்தில் நிற்காது. அடையாளம் காணும் போர்டு டி5-ல் வெள்ளைச் சிப்பாய் இருப்பதை நேராகவே பார்க்கிறது, ஊகமே வேண்டாம்.

காய் கவிழ்ந்தால் இன்னும் மோசம். யானையும் குதிரையும் விழுந்து, எடுத்து வைக்கும்போது இடம் மாறிவிட்டால், காந்த போர்டுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அதன் கணக்கில் ஒரு நிலை, பலகையின் மேல் வேறொரு நிலை.

பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புத்தகத்திலிருந்து ஒரு முடிவாட்டத்தை எடுத்து அடுக்குகிறீர்கள்: இரண்டு ராஜா, இரண்டு யானை, ஒரு சிப்பாய். காந்த போர்டு பார்ப்பது நிரம்பிய ஐந்து கட்டங்களை. எது எது என்று செயலியில் விரலால் ஒவ்வொன்றாக வைத்துத்தான் சொல்ல வேண்டும். அடையாளம் காணும் போர்டில், அதற்கு ஏற்ற மென்பொருளும் இருந்தால், அடுக்கி முடித்ததுமே நிலை திரைக்கு வந்துவிடும், ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் உடனே மதிப்பிடத் தொடங்கிவிடும். வகுப்பு நடத்துகிறவர் காந்த போர்டு வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இணையத்தில் முழு ஆட்டம் மட்டும் ஆடப்போகிறவருக்கு அது போதும்.

இனி ஒவ்வொன்றாக.

டிஜிடி நெதர்லாந்து நிறுவனம். பெரிய போட்டிகளின் நேரலையில் காலம்காலமாக இருக்கும் பெயர். அதன் யுஎஸ்பி போர்டிலும் ஸ்மார்ட் போர்டிலும் கட்டங்களில் விளக்கு இல்லை. நேருக்கு நேர் ஆட்டத்தைப் பதிவு செய்ய விளக்கு தேவையும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் முடிவைக்கூட காய்களாலேயே சொல்லலாம்: இரண்டு ராஜாவையும் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டங்களான இ4, டி5-ல் வைத்தால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டங்களான டி4, இ5-ல் வைத்தால் கறுப்புக்கு வெற்றி, ஒன்று வெள்ளையிலும் ஒன்று கறுப்பிலும் என்றால் சமன். மாவட்ட அளவில் போட்டி நடத்தி முதல் சில பலகைகளை நேரலையில் காட்ட நினைக்கும் அமைப்பாளர் வேறெதையும் தேட வேண்டாம். லைவ்செஸ் மென்பொருள், டிஜிடி 3000 கடிகாரம், லிசெஸ் இணையதளத்தின் ஒளிபரப்பு என்று முழுச் சங்கிலியும் தயாராக இருக்கிறது. ஆனால் வீட்டில் தனியாக இணையத்தில் ஆட இதை வாங்கினால், எதிராளியின் நகர்த்தலைப் பார்க்க ஒவ்வொரு முறையும் திரைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் கணினி வாசிப்பதைக் கேட்க வேண்டும். திரையை விட்டு விலகத்தான் போர்டே வாங்குகிறோம்.

வீட்டுப் பயிற்சிக்கு எங்கள் தேர்வு செஸ்நட் ஏர். 64 கட்டங்களிலும் விளக்கு, காய் அடையாளம், புளூடூத், யுஎஸ்பி, உள்ளே பேட்டரி என எல்லாம் இருக்கிறது. கணினி இல்லாமல் ஆடிய ஆட்டத்தை போர்டே நினைவில் வைத்துப் பிறகு கொடுக்கும். ஒரே குறை அளவு. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி போட்டிக் கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. ஏர் இதைவிடச் சிறியது. மாநிலப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளை என்றால் போட்டி அளவிலேயே வரும் செஸ்நட் ப்ரோ பொருத்தம். காசு கூடும், இடமும் அடைக்கும்.

செர்டாபோ இத்தாலியில் தொடங்கியது. உங்களிடம் ஏற்கெனவே நல்ல மரக்காய்கள் இருந்தால், சில்லு ஒட்டுப்படங்களை அடியில் ஒட்டி அதையே பயன்படுத்தலாம். எல்லா போர்டும் இந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. ஒட்டியபின் தொடக்க நிலையில் அடுக்கி ஒருமுறை அளவீடு செய்ய வேண்டும். காயின் அடியில் கனத்துக்காக இரும்பு வைத்திருந்தால் சில்லின் சமிக்ஞை மங்கும். எனவே முழு செட்டுக்கும் ஒட்டுமுன் ஒரு காயில் ஒட்டிப் பாருங்கள்.

மில்லேனியம் எக்ஸ்க்ளூசிவ் ஜெர்மன் நிறுவனத்தின் போர்டு. கட்டங்களின் மூலைகளில் 81 விளக்குகள். மரவேலை அழகு. கணினியோடு இணைக்க செஸ்லிங்க் என்ற தனிப் பெட்டி வேண்டும், விலையைக் கூட்டும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் தொடங்கிய ஸ்கொயர் ஆஃப், காய்களைத் தானே நகர்த்தும் போர்டால் பெயர் பெற்றது. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நகரும் பொறி மெதுவானது, தேய்மானமும் உண்டு. இந்த மாதிரி போர்டு எதுவானாலும், அதன் செயலி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பிளே ஸ்டோரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் செயலியை மட்டும் நம்பி ஓடும் போர்டு, அந்தச் செயலி நின்ற நாளில் வெறும் பலகை. அதனால்தான் பேர்செஸ், ஹையார்க்ஸ் செஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற வெளி மென்பொருள்களும் ஏற்கும் போர்டுக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருகிறோம். பேர்செஸ் இலவசம், விண்டோஸில் ஓடும், மேலே சொன்ன நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் போர்டுகளோடு பேசும்.

இணைப்பில்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டிஜிடியை லிசெஸில் ஆட, முதலில் லைவ்செஸை நிறுவி, போர்டு அதில் தெரிகிறதா என்று பாருங்கள். அதில் தெரியாமல் லிசெஸ் பக்கம் போவதில் பயனில்லை. பிறகு லிசெஸின் டிஜிடி பக்கத்தில் அனுமதி கொடுத்து இணைக்க வேண்டும். லைவ்செஸ் 1982 என்ற நெட்வொர்க் போர்ட்டில் (கணினிக்குள் மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல் எண்) கேட்டுக்கொண்டிருக்கும். உலாவியில் அந்தத் தாவலை மூடிவிட்டால் இணைப்பும் போய்விடும்.

எந்த போர்டானாலும் லிசெஸில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. முன்பின் தெரியாத எதிராளியோடு ஆட ரேபிட் அல்லது அதைவிட நீண்ட ஆட்டம் மட்டுமே முடியும். நண்பரை நேராக அழைத்தாலோ கணினியோடு ஆடினாலோ பிளிட்ஸும் ஆடலாம். லிசெஸின் கணக்கு இப்படி: தொடக்க நேரத்தோடு, ஒரு நகர்த்தலுக்குக் கூடும் நொடியை 40-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 480 நொடியோ அதற்கு மேலோ வந்தால் ரேபிட் அல்லது அதைவிட நீண்ட ஆட்டம். 5 நிமிடம் கூட்டல் 3 நொடி என்பது 420, அது பிளிட்ஸ். 5 கூட்டல் 5 என்பது 500, ரேபிட். போர்டு பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்புமுன் இதைப் பாருங்கள்.

புளூடூத் போர்டைப் பெரும்பாலும் விண்டோஸ் அமைப்புக்குள் போய் ஜோடி சேர்க்கக் கூடாது, செயலிக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். போர்டு ஒரு நேரத்தில் ஒரு சாதனத்தோடுதான் பேசும். அப்பாவின் போனில் இணைந்திருந்தால் கணினிக்குக் கண்ணில் படாது. ஆண்ட்ராய்டு 11 வரையுள்ள போன்களில் இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் தேடலே நடக்காது. உலாவி வழியாக புளூடூத் இணைப்பு குரோம், எட்ஜில் கிடைக்கும், ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் கிடைக்காது. யுஎஸ்பி போர்டு நடு ஆட்டத்தில் அறுந்தால், விண்டோஸின் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். உபுண்டு (லினக்ஸ்) கணினியில் சீரியல் போர்ட்டாகத் தெரியும் போர்டு திறக்க மறுத்தால், பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்.

நம்ம ஊருக்கென்று சில விஷயங்கள். சேலத்து வீடுகளிலும் பள்ளிகளிலும் இரும்பு மேசைக்கும் ஸ்டீல் மேசைக்கும் பஞ்சமில்லை. அலையால் காயை அறியும் போர்டை அதன்மேல் நேராக வைத்தால் சில கட்டங்கள் விட்டுவிட்டுப் படிக்கும். அடியில் ஓரிரு அங்குல தடிமனுக்கு மரப்பலகை கொடுங்கள், போனையும் ஸ்பீக்கரையும் தள்ளி வையுங்கள். ஏற்காட்டில் தொல்லை ஈரம். மழைக்காலத்து மூடுபனியில் மரப்பரப்பு உப்பி வளையும், இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். ஆடாத நேரம் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மலையில் மின்சாரம் போய்வரும் நாட்களில் பேட்டரி உள்ள போர்டோ, லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் போர்டோதான் கைகொடுக்கும். கீழே சேலத்தில் கோடையில் லித்தியம் பேட்டரி உள்ள போர்டைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருவதால், சொன்ன விலைக்கு மேல் சுங்க வரியையும் கொரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழுதானால் லித்தியம் பேட்டரியோடு திருப்பி அனுப்புவது எளிதல்ல, சில கொரியர்கள் எடுக்கவே மாட்டார்கள்.

எனவே பெட்டி வந்ததும், திருப்பும் காலக்கெடு முடியுமுன் சோதித்துவிட வேண்டும். பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, ஒரு ராணியை ஏ1 முதல் ஹெச்8 வரை 64 கட்டங்களிலும் வைத்துத் திரையைப் பாருங்கள். பிறகு 12 வகைக் காய்களையும் நான்கு மூலைக் கட்டங்களில் மாற்றி மாற்றி வையுங்கள், குறை இருந்தால் ஓரங்களில்தான் முதலில் தெரியும். காயை நடுவிலிருந்து அரை செ.மீ. தள்ளி வைத்தும் பாருங்கள், பிள்ளைகள் அப்படித்தான் வைப்பார்கள். கூடுதல் ராணிகள் இருக்கின்றனவா, அவற்றையும் போர்டு படிக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று சமாளிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. அடையாளம் காயின் அடியில் இருப்பதால், கவிழ்த்து வைத்த யானை நிற்கும் கட்டத்தை போர்டு காலி என்றே படிக்கும்.