"தடுப்பூசி போட்ட வெடை" என்று சொல்லி என் கோழிகளைக் கொன்றார்கள்

வீட்டில் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் என் கொல்லையில் பதினான்கு உருப்படி இருந்தது. இன்று மூன்றுதான்.

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். "சுத்தமான சிறுவிடை, மூன்று மாத வெடைகள், எல்லாத் தடுப்பூசியும் முடித்தது" என்று போட்டிருந்தார்கள். சிறுவிடை என்பது நாட்டுக்கோழியில் சிறிய இனம்; வெடை என்றால் இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை. போன் செய்தேன். "நீங்க கவலையே படாதீங்க அக்கா, ஊசி எல்லாம் போட்டாச்சு, கொண்டுபோய் விட்டாப் போதும்" என்றார். ஒன்று 450 ரூபாய். ஆறு வெடைக்கு 2,700. பகலில் வருகிறேன் என்றேன். பகலில் ஆள் இருக்க மாட்டோம், சாயங்காலம் ஆறரைக்கு மேல் வாருங்கள் என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருட்டில் எல்லாக் கோழியும் ஒடுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். நோயில் ஒடுங்கியது எது, தூக்கத்தில் ஒடுங்கியது எது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வெடைகளுக்கு மேலலகின் நுனி மழுங்கி இருந்தது. அது கொத்திக்கொள்ளாமல் இருக்கப் பண்ணைகளில் சூடு வைத்து வெட்டும் அலகு. கொல்லையில் மேய்ந்து வளர்ந்த சிறுவிடைக்கு அலகு கூராக இருக்கும். எடையும் ஒன்றே கால் கிலோ. என் வீட்டுச் சிறுவிடை ஒரு கிலோவைத் தொட ஐந்து மாதமாவது ஆகும். சரி, கலப்பினம் என்றாலும் வளரட்டும் என்று விட்டுவிட்டேன். இனத்தில் ஏமாந்தது போகட்டும், பணத்தோடு முடிந்திருக்கும். நோயையும் சேர்த்து வாங்கி வந்ததுதான் கொடுமை.

ஐந்தாம் நாள் புதிய வெடை ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல. உடனே விற்றவருக்குப் போன் செய்தேன். "உங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கலக்கா, இடம் மாறின சூடு, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். அன்று இரவே அது செத்தது.

ஆறாம் நாள் காலை என் சேவல். மூன்று வருடமாக என்னோடு இருந்தவன். ஒரு புழு கிடைத்தாலும் தான் தின்ன மாட்டான். அலகில் எடுத்துக் கீழே போட்டு, கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிடுவான். அன்றைக்குக் கூவினான், ஆனால் வெகு நேரம் கழித்து. கம்புத் தானியம் வீசியபோது எல்லாக் கோழியும் ஓடி வந்தன, அவன் மட்டும் முருங்கை மரத்தடியில் நின்றான். பெட்டைகளைக் கூப்பிடவும் இல்லை. இறகு உதிர்க்கும் நேரம், அதனால்தான் சோர்வு என்று நினைத்தேன். சேவல் பெட்டையைக் கூப்பிடுவதை நிறுத்தினால், எச்சம் மாறுவதற்குக் காத்திராமல் அப்போதே தனியாக அடைத்துவிடுங்கள். மத்தியானத்துக்குள் கொண்டை கறுத்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான்.

மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அறிகுறி கேட்டுவிட்டு ஒரு ஆன்டிபயாட்டிக் பொடியை 380 ரூபாய்க்குக் கொடுத்தார். தண்ணீரில் கலந்தால் மூன்று நாளில் நின்றுவிடும் என்றார். ஒரு நாள் முழுக்க அதை நம்பி வீணாக்கினேன். எட்டாம் நாள்தான் செத்த பெட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அறுத்து, முன் இரைப்பையின் உட்சுவரில் ரத்தப் புள்ளிகளைக் காட்டினார். வெள்ளைக்கழிச்சல்தான், ராணிக்கெட் என்றார். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது.

ஊசி போட்டதாகச் சொன்னார்களே என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டு வாரத்தில் ஆர்2பி என்னும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, தோலுக்கு அடியில். மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கரைத்த பிறகு ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். என்றைக்குப் போட்டது, என்ன மருந்து, காலிக் குப்பி எங்கே என்று கேட்டால் உண்மையில் போட்டவர் சொல்லிவிடுவார். நான் கேட்கவே இல்லை. "எல்லாத் தடுப்பூசியும்" என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கிவிட்டேன்.

அப்புறம், புதுக் கோழியை வாங்கிய அன்றே பழைய கூட்டத்தில் விட்டதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. நோய் உள்ளே இருந்து வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். மூன்று வாரமாவது கொல்லையின் மறுகோடியில் தனிப் பஞ்சாரத்தில் வைத்திருந்தால் அந்த ஆறோடு போயிருக்கும். பழைய கோழிக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் புதியவற்றிடம் போக வேண்டும். செருப்பும் தண்ணீர்ச் சட்டியும் வேறு வேறு. இரவில் விளக்கில்லாமல் கூட்டருகே நின்று காது கொடுங்கள்; மூச்சில் கொர்கொர் சத்தம் பகலில் கேட்காது, அப்போதுதான் கேட்கும். சாயங்காலம் கூட்டில் அடையப் போகும் கோழியின் கழுத்தடித் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். விடிந்ததும் தொட்டால் காலியாக இருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்தி போலக் கையில் குத்தினால் அந்தக் கோழி பல நாளாகவே மெலிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செத்தவற்றை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். வாய்க்காலில் வீசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அடுத்த தெருவுக்கும் நோய் போகும். அரசு மருந்தகத்தில் இந்த வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி (கோழிக்கழிச்சல் ஊசி என்பார்கள்) இலவசம். பெரும்பாலும் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாமும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல கோழிக்கான மருந்து இருப்பதால், அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு போனால் அவர்களுக்கும் வசதி.

மிஞ்சிய மூன்றில் ஒரு பெட்டைக்குக் கழுத்து திருகிக்கொண்டது. தீனியைக் குறி பார்த்துக் கொத்த முடியவில்லை. காலையும் மாலையும் மடியில் வைத்துக் குருணைக் கஞ்சி ஊட்டுகிறேன். கூடு காலியாகக் கிடக்கிறது. கழுவிச் சுண்ணாம்பு அடித்து வெயில் காய விட்டிருக்கிறேன். இப்போதைக்குப் புதுக் கோழி எதுவும் இல்லை.

விற்றவர் இப்போது என் நம்பரை எடுப்பதில்லை. நேற்று அதே போட்டோவை, அதே "எல்லாத் தடுப்பூசியும் முடித்தது" வாசகத்தோடு மறுபடி போட்டிருக்கிறார். இந்த முறை விலை 500.