குளியலறைச் சுவர் டைல்ஸ்: சிமெண்ட் கலவையா, பசையா?

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. கீழே 2012-இல் சிமெண்ட் கலவையில் ஒட்டிய செராமிக் டைல்ஸ் இன்றும் அசையவில்லை. மாடியில் விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்டது. அதையும் முதலில் சிமெண்டில்தான் ஒட்டினோம். எட்டே மாதத்தில் ஷவருக்குக் கீழே மூன்று டைல்ஸ் விழுந்தன. அந்த நேரம் உள்ளே குழந்தைகள் இல்லை. பிறகுதான் டைல்ஸ் ஒட்டவென்றே மூட்டையில் வரும் பசைக்கு மாறினோம்.

விழுந்ததைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். கலவை முழுவதும் சுவரிலேயே நின்றது. செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கலவையின் ஈரத்தை இழுத்துவிடக் கூடாதென்றுதான் ஊறவைத்து ஒட்டுகிறோம். சிமெண்ட் பால் அந்த நுண்துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு 0.5 சதவீதம்கூடக் குடிக்காது. சிமெண்ட் எதைப் பிடிக்கும்? பசையில் சிமெண்டோடு பாலிமர் என்ற ஒட்டும் பொருளும் இருப்பதால் அந்த வழவழப்பிலும் ஒட்டுகிறது.

கலவையை நடுவில் உருண்டையாக வைத்துத் தட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. மூலைகள் பொள்ளலாக நின்றுவிடும். விரலால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுக்கும். பசையைப் பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுப்பதால் பொள்ளலுக்கு வாய்ப்பு குறைவு. மேஸ்திரி பசையையும் உருண்டை வைத்தால் கொடுத்த காசு வீண். பக்கத்தில் நின்று பாருங்கள்.

செலவு பசைக்குத்தான் அதிகம். 20 கிலோ மூட்டை, 3 மி.மீ. கனத்தில், எங்களுக்கு ஐம்பது சதுர அடி அளவுக்கு வந்தது. ஆனால் ஊறவைக்கும் வேலையும் ஒட்டியபின் தண்ணீர் தெளிக்கும் வேலையும் இல்லை.

சிமெண்டுக்கு ஒரு பலம் உண்டு. சுவர் கோணலாக இருந்தால் 15, 20 மி.மீ. கலவையிலேயே சரிசெய்துவிடலாம். பசைக்கு அது முடியாது. பூச்சு முதலிலேயே தூக்குக்குண்டுக்கு நேராக இருக்க வேண்டும். எங்கள் மாடிச் சுவரைக் கொத்தி மறுபடி பூசியதில்தான் பாதிப் பணம் போனது.

பசை போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. கீழ்த்தளத்துச் சிமெண்டின் வயதோடு ஒப்பிட அது போதாது. இருந்தாலும் விட்ரிஃபைடு என்றால் நான் பசைதான் சொல்வேன். சின்ன செராமிக் டைல்ஸ், நல்ல கை என்றால் சிமெண்டே போதும். கடையில் சந்தேகம் வந்தால் டைல்ஸின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே இழுத்துக்கொண்டால் செராமிக். முத்தாக அப்படியே நின்றால் பசை மூட்டையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.